வாங்குவது நிலமன்று, காலம்

இந்தோனேசிய மொழியில் மூலதனத்துக்கு ‘மோடால்’ என்று பெயர். நம் ‘முதல்’ என்னும் சொல்லே கடல் கடந்து இவ்வாறு திரிந்தது என்பர் மொழியறிஞர். கடை அங்கே ‘கெடாய்’ ஆயிற்று. கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. வணிகர் கொண்டுசென்ற சரக்கோடு வணிகச் சொற்களும் அக்கரையில் இறங்கின. முதலீடு செய்வதை அம்மொழியினர் ‘பெனானமான் மோடால்’ என்கின்றனர். அதன் நேர்பொருள் ‘முதலை நடுதல்’. 2007 ஆம் ஆண்டின் இந்தோனேசிய முதலீட்டுச் சட்டத்தின் தலைப்பும் இதுவே. முதலை நாற்றுப்போல் நடவேண்டும் என்பது உழவரின் எண்ணம். எவருடைய மண், எத்தனை பருவம், விளைச்சலில் நமக்குள்ள உரிமை யாது என்று கேளாமல் எந்த உழவரும் நாற்றுமுடியைக் கையில் எடுப்பதில்லை.

இவ்வினாக்களை எழுப்பவேண்டிய தேவை நம் கிளைகளின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இப்போது அடிக்கடி நேர்கிறது. இந்தோனேசியாவின் துணியாலைகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர்கள், சுற்றுலாச் சென்று அந்நாட்டின் பசுமையில் மனம் பறிகொடுத்தவர்கள், ஓய்வூதியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியான ஓர் இடத்தைத் தேடுபவர்கள் எனப் பலரும் வருகின்றனர். அவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றே. பெருநகருக்கு அருகில் ஒரு சிற்றூர். அங்கே சிறு வீடு. வீட்டின் பின்னே நெல்வயல். ஆண்டில் சில மாதங்கள் தாம் தங்குவது. எஞ்சிய மாதங்களில் வாடகைக்கு விடுவது. நகரம் விரிய விரிய நில மதிப்பு உயரும் என்று காத்திருப்பது.

இத்திட்டத்தில் இரண்டு விருப்பங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வாழும் விருப்பம். மற்றொன்று நிலத்தால் செல்வம் பெருக்கும் விருப்பம். முன்னதை நாம் மனமார வரவேற்கிறோம். பின்னதைக் கைவிடுமாறு வலியுறுத்துகிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியவர்களே வாழ்நாள் சேமிப்பை இழக்கும் நிலைக்கு ஆளாகின்றனர் என்பது நம் கருத்து.

ஊரும் நகரும் கலக்கும் இடம்

பெருநகரின் விளிம்பில் நெல்வயலும் தொழிற்கூடமும் கல்லூரியும் கோழிப்பண்ணையும் அடுத்தடுத்து அமைந்திருக்கும் நிலப்பரப்பை விளக்க, டெரி மக்கீ என்னும் புவியியல் அறிஞர் 1991 இல் ‘தேசகோத்தா’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். இந்தோனேசிய மொழியில் ‘தேசா’ என்றால் சிற்றூர். ‘கோத்தா’ என்றால் நகரம். முன்னது ‘தேசம்’ என்பதன் உறவு; பின்னது ‘கோட்டை’ என்பதன் உறவு. ஊரா நகரா என்று பிரித்துச் சொல்ல இயலாத இவ்வகை நிலத்துக்கு ஜாவாத் தீவே சிறந்த சான்று. ஏறத்தாழ 1,29,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். இந்தோனேசிய மக்களுள் நூற்றுக்கு 56 பேர் அந்த ஒரு தீவில்தான் உள்ளனர்.

அத்தீவின் யோக்யகர்த்தாவை எடுத்துக்கொள்வோம். நகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 1949 இல் நிறுவப்பட்ட காஜா மாதா பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல கல்வி நிலையங்களை நாடி நாடெங்கும் இருந்து மாணவர் வருகின்றனர். பொரோபுதூர், பிரம்பானான் கோயில்களைக் காணச் சுற்றுலாவினர் வருகின்றனர். இத்தனை பேரையும் அச்சிறு எல்லைக்குள் அடைக்க இயலுமா? ஆகவே நகரம் வடக்கே ஸ்லேமான் மாவட்டத்துச் சிற்றூர்களுக்குள்ளும் தெற்கே பாந்துல் மாவட்டத்துச் சிற்றூர்களுக்குள்ளும் பரவி நிற்கிறது. அங்கே வயல்வரப்பை ஒட்டி மாணவர் விடுதி எழுகிறது; அதை ஒட்டி உணவகம் தோன்றுகிறது; அதன் பின்னே மறுபடியும் வயல். மருத்துவமனையும் சந்தையும் தொலைவில் இல்லை. ஓய்வு பெற்றவர் மனத்தை இத்தகைய இடம் ஈர்ப்பதில் வியப்பு ஏதும் இல்லை.

நில மதிப்பு உயரும் என்று வாடிக்கையாளர் கணிப்பதும் தவறன்று. மக்கள் நெருக்கமும் நகர விரிவும் சேர்ந்த இடத்தில் நிலம் விலை ஏறவே செய்யும். அவ்வுயர்வு எவரைச் சேரும் என்பதே கேள்வி. அதற்கு விடை இந்தோனேசியச் சட்டத்தில் உள்ளது.

அறுபது ஆண்டு கடந்த ஒரு வேலி

1870 ஆம் ஆண்டின் டச்சு வேளாண் சட்டம், ஐரோப்பிய நிறுவனங்கள் 75 ஆண்டு வரை நிலத்தைக் குத்தகைக்குப் பெற வழி திறந்தது. ஜாவாவிலும் சுமத்ராவிலும் கரும்பும் தேயிலையும் புகையிலையும் செழித்தன. அவற்றின் வருவாய் கப்பலேறியது. விடுதலை பெற்ற இந்தோனேசியா, 1960 செப்டம்பர் 24 அன்று 5 ஆம் எண் அடிப்படை வேளாண் சட்டத்தை இயற்றியது. அந்நாள் இன்றும் அங்கே தேசிய உழவர் நாள்.

அச்சட்டத்தின்படி ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உடைமை உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே உரியது. அயல்நாட்டவர் ஒருவருக்கு மரபுரிமையாகவோ திருமணத்தின் வழியாகவோ அவ்வுரிமை வந்து சேர்ந்தாலும் ஓராண்டுக்குள் அவர் அதைக் கைவிடவேண்டும். நேராகவோ மறைமுகமாகவோ அயலவருக்கு முழு உடைமையை மாற்றித் தரும் எந்தச் செயலும் சட்டப்படி செல்லாது என்கிறது 26 ஆவது பிரிவு. அவ்வாறு மாற்றப்பட்ட நிலம் அரசைச் சேரும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க இயலாது. ஒரே பிரிவுக்குள் மூன்று அடி. ஒப்பந்தம் செல்லாது, நிலம் போயிற்று, பணமும் போயிற்று.

அயல்நாட்டவருக்கு எஞ்சியுள்ள வழிகள் மூன்று. முதலாவது ‘ஹக் பக்காய்’ எனப்படும் பயன்பாட்டு உரிமை. 2021 ஆம் ஆண்டின் அரசு விதிகளின்படி 30 ஆண்டு, பின்னர் 20 ஆண்டு நீட்டிப்பு, அதன்பின் 30 ஆண்டு புதுப்பிப்பு என 80 ஆண்டு வரை அது செல்லக்கூடும். ஆனால் உரிய குடிவரவு ஆவணம் உள்ளவரே அதைப் பெறலாம். அயலவர் வாங்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை வரம்பும் உண்டு. ஜாவாவின் மாகாணங்களில் அவ்வரம்பு பல நூறு கோடி ரூபியா. அது கோடிக்கணக்கான இந்திய ரூபாய் ஆகும். சிற்றூரின் சிறு வீட்டுக்கும் இவ்வழிக்கும் தொடர்பே இல்லை.

இரண்டாவது, அயல்நாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்றை அங்கே பதிவு செய்து, அதன் பெயரில் கட்டட உரிமை பெறுவது. அத்தகைய நிறுவனத்தின் முதலீட்டுத் திட்டம், நிலமும் கட்டடமும் நீங்கலாக, 1,000 கோடி ரூபியாவுக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். நம் நாணயத்தில் அது ஐந்து கோடிக்கு மேல். ஓய்வூதியர்க்கு இவ்வாயிலும் அடைபட்டதே.

மூன்றாவது வழி குத்தகை. நிலத்தையோ வீட்டையோ உரிமையாளரிடம் ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுப்பது. நடுத்தர வருவாய் உடையவருக்கு எட்டும் நேர்வழி இது ஒன்றே.

இச்சட்டம் கடுமையானது என்று குறைப்படும் வாடிக்கையாளர்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்டுவோம். இந்திய மரபினர் அல்லாத, இந்தியாவுக்கு வெளியே வசிக்கும் அயல்நாட்டுக் குடிமகன் நம் நாட்டில் வீடோ மனையோ வாங்க இயலாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கே இடமுண்டு. வெளிநாடு வாழும் நம் குடிமக்களே இங்கு வேளாண் நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க இயலாது. நம் வயலுக்கு நாம் இட்ட வேலியை நியாயம் என்போம். பிறர் தம் வயலுக்கு இட்ட வேலியை மட்டும் இடையூறு என்போமோ? கூடுதல் விலை தரும் வெளியார் எவரும் வாங்கலாம் என்று வேலியைத் திறந்துவிட்டால், நகருக்கு அருகிலுள்ள வயல்கள் சில ஆண்டுகளிலேயே கைமாறிவிடும். உழவர் மகன் தன் ஊரில் மனை வாங்க வழியின்றி நிற்பான். எந்தச் சிற்றூரின் அமைதியை நாடி நம் வாடிக்கையாளர் செல்கிறாரோ, அந்தச் சிற்றூர் அப்போது அங்கே இராது. அவர் விரும்பும் ஊரை அவருக்காகவும் காத்து நிற்பது அந்த வேலியே.

இரவல் பெயர்

வேலி உள்ள இடத்தில் வேலியின் கீழே நுழையும் வழியைக் காட்டுவோரும் இருப்பர். ‘உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் நிலத்தை வாங்குங்கள், அவரிடம் தனி ஒப்பந்தம், கடன் பத்திரம், அதிகாரப் பத்திரம் எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நிலம் உங்களுடையதே’ என்பது தரகரின் அறிவுரை. அங்கே இதற்குப் ‘பின்ஜாம் நாமா’ என்று பெயர். பெயரை இரவல் வாங்குதல் என்பது பொருள். நம் நாட்டில் இதையே பினாமி என்கிறோம். 1988 ஆம் ஆண்டிலேயே அதற்கு எதிராகச் சட்டம் இயற்றியவர்கள் நாம். இரவல் வாங்கிய நாமம் கடைசியில் யார் நெற்றியில் விழும் என்பதை நம் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை.

‘பலர் அவ்வாறுதான் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லையே’ என்பர் சிலர். ஒப்பந்தம் இதுவரை முறியவில்லை என்பதால் அது வலிமையானது ஆகிவிடாது. பெயர் கொடுத்தவர் இறக்கலாம். அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்கலாம். அவர் மணமுறிவு கொள்ளலாம். அந்நிலத்தை அடகு வைத்து வங்கியில் கடன் பெறலாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் இவற்றுள் ஒன்று நேரக்கூடும். அப்போது நம் வாடிக்கையாளர் நீதிமன்றம் சென்றால், தாம் சட்டத்தை மறைமுகமாக மீறினோம் என்பதற்குத் தாமே ஆவணம் காட்டுபவர் ஆகிறார். வழக்கை வெல்லும் சான்றே வழக்கைத் தோற்கடிக்கும் சான்றாகவும் அமையும் இந்த விந்தை வேறு எந்த முதலீட்டில் உண்டு?

நேர்வழியான குத்தகையிலும் நிலத்தின் தன்மையை அறியாமல் கையொப்பம் இடலாகாது. யோக்யகர்த்தாவில் சுல்தான் அரண்மனையின் நிலம் தனி வகை. 2012 ஆம் ஆண்டின் சிறப்புநிலைச் சட்டம் அவ்வுரிமையை உறுதி செய்துள்ளது. ஊராட்சியின் வருவாய்க்காக ஒதுக்கப்பட்ட பொதுநிலம் அங்கே ‘தானா காஸ் தேசா’ எனப்படும். அதைக் குத்தகைக்கு விடவும் மேலிட அனுமதி வேண்டும். அதில் குடியிருப்பு வீடு கட்டி விற்பது விதிக்கு முரண். 2023 இல் ஸ்லேமான் மாவட்டத்தில் அத்தகைய நிலத்தை எடுத்த கட்டுமான நிறுவனம் ஒன்று, அனுமதித்த பரப்பையும் நோக்கத்தையும் மீறிக் கட்டடங்கள் எழுப்பிய செய்தி வழக்காக வெடித்தது. நிறுவனப் பொறுப்பாளரோடு ஊராட்சித் தலைவரும் தண்டனை பெற்றார். உள்ளூர் மொழியும் நடைமுறையும் தெரிந்தவர்களே பணம் கட்டிவிட்டுத் தவித்த இடம் அது. மொழி அறியாத நாம் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பலாமா?

குத்தகையின் கணக்கு

நம் நாட்டில் நிலம் என்பது நாள் ஆக ஆக மதிப்புக் கூடும் பொருள். இப்பழக்கத்தில் ஊறிய மனம், குத்தகை நிலத்தையும் அவ்வாறே எண்ணுகிறது. உண்மையில் குத்தகை ஆண்டுதோறும் கரையும் பொருள். இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்குவோம்.

ஒருவர் 25 ஆண்டுக் குத்தகைக்கு 30 லட்சம் ரூபாயை முன்பணமாக ஒரே தவணையில் தருகிறார் என்று கொள்வோம். ‘ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்தானே, மாதம் 10,000 ரூபாயில் வீடு’ என்று அவர் மகிழ்கிறார். அதே 30 லட்சம் ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி ஈட்டக்கூடியது என்பதை அவர் மறந்துவிட்டார். வட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 25 ஆண்டில் அத்தொகை முற்றும் கரைய ஆண்டுக்கு ஏறத்தாழ 2,57,000 ரூபாய் வீதம் எடுத்துச் செலவிடலாம். அதாவது அவர் தரும் உண்மையான வாடகை மாதத்துக்கு 21,000 ரூபாய்க்கு மேல். அவ்வூரில் அதே போன்ற வீட்டை ஆண்டு வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று விசாரித்து, இத்தொகையோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

பத்து ஆண்டு கழித்து அவர் வெளியேற விரும்பினால், எஞ்சிய 15 ஆண்டுக் குத்தகையின் மதிப்பு, வாடகை மாறாதிருப்பின், ஏறத்தாழ 23 லட்சம். இருபது ஆண்டு கழித்து அது பத்தரை லட்சம். இருபத்தைந்தாம் ஆண்டின் இறுதியில் சுழி. வட்டார வாடகை உயர்ந்தால் இடையில் சிறிது கூடலாம். இறுதி எண் மட்டும் மாறாது. அவர் கட்டிய சுவரும் நட்ட மாமரமும் நில உரிமையாளரைச் சேரும். ‘நீட்டித்துத் தருவார்கள்’ என்பது நம்பிக்கை. அதன் விலையும் முறையும் ஒப்பந்தத்தில் எழுதப்படாதவரை அதற்குக் கணக்கில் இடமில்லை.

நாணய ஏற்ற இறக்கமும் உண்டு. 1997 ஆம் ஆண்டின் நடுவில் டாலருக்கு ஏறத்தாழ 2,400 ஆக இருந்த ரூபியா, 1998 இல் 16,000 ஐயும் தாண்டி வீழ்ந்தது. அத்தகைய வீழ்ச்சி மீண்டும் வரும் என்று நாம் சொல்லவில்லை. வருவாயை ரூபியாவிலும் தேவைகளை இந்திய ரூபாயிலும் வைத்திருப்பவர் அதை மறக்கலாகாது என்கிறோம். குத்தகை விலையை டாலரில் கூறும் தரகர்கள் உளர். 2011 ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி உள்நாட்டில் பணம் செலுத்துவது ரூபியாவில்தான்.

வாடகைக்கு விட்டுச் செலவை ஈடு செய்யலாம் என்னும் எண்ணமும் எளிதில் கைகூடாது. விருந்தினர்க்கு நாள் வாடகைக்கு வீட்டை விடுவது தொழில். தொழிலுக்கு உரிமம் வேண்டும். அயலவர் தொழில் நடத்த முன்னர்ச் சொன்ன பெருமுதல் நிறுவனம் வேண்டும். தங்குவதற்கான விசாவில் வந்தவர் தொழில் செய்வது நாடு கடத்தலில் முடியக்கூடும்.

நம் பக்கத்துச் சட்டம்

இந்தியாவில் வசிப்பவர், தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டு முதலீட்டு விதிகள் 2022 இன்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை அசையாச் சொத்து வாங்குவதற்கான கட்டுப்பாடுகளுக்குள் வாராது. அதற்கு மேற்பட்டது சொத்து வாங்குதலாகவே கருதப்படும். இத்தகைய மூலதனப் பரிமாற்றத்துக்கு வங்கி கடன் தரலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே செல்வது முழுவதும் வாடிக்கையாளரின் சொந்தச் சேமிப்பு.

நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டு இதற்காக அனுப்பும் தொகைக்கு 20 விழுக்காடு வரி முன்கூட்டியே வசூலிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம். எனினும் அதுவரை அப்பணம் முடங்கிக் கிடக்கும் என்பதைத் திட்டமிடும்போதே கருதவேண்டும். வெளிநாட்டுச் சொத்தையும் வங்கிக் கணக்கையும் ஆண்டுதோறும் வரிக் கணக்கில் காட்டுவதும் கட்டாயம்.

இரவல் பெயரில் நிலம் வாங்கியவர் இவ்விடத்தில் இரண்டாம் முறை அகப்படுகிறார். ஏ2 படிவத்தில் பணம் அனுப்பும் நோக்கத்தை அவர் எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறார். சொத்து வாங்க என்று எழுதியிருந்தால், அவர் பெயரில் சொத்து எங்கே? வேறு நோக்கம் எழுதியிருந்தால், அது பொய். வரிக் கணக்கில் காட்டினால் அந்நாட்டுச் சட்டத்தை மீறியதற்கு ஒப்புதல். காட்டாவிட்டால் நம் நாட்டுச் சட்டத்தை மீறிய குற்றம். இரு நாட்டிலும் உறக்கம் கெடும் இச்சொத்தை முதலீடு என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

வாழ்வதற்கு அது நல்ல ஊரே

இவ்வளவும் கேட்ட வாடிக்கையாளர் ‘அப்படியானால் போகவே வேண்டாமா?’ என்று வினவுவர். போகலாம், நன்றாக வாழலாம். ஜாவாவின் சிற்றூர், வந்தவரை விருந்தினராகவும் அயலாராகவும் ஒருங்கே ஏற்கும் ஓர் அமைப்பு உடையது. சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்த ‘ருக்குன் தெத்தாங்கா’ என்னும் அண்டை வீட்டார் அமைப்புக்கு ஒரு தலைவர் இருப்பார். புதியவர் 24 மணி நேரத்துக்குள் அவரிடம் தெரிவிக்கவேண்டும் என்னும் பலகையைத் தெருமுனையில் காணலாம். தெருவைத் தூய்மை செய்யும் நாளில் வீட்டுக்கொருவர் வருவர். இரவுக் காவலுக்கு முறை வைத்துச் செல்வர். காவல் செல்வோர் வீடுதோறும் வாசலில் வைத்திருக்கும் ஒரு பிடி அரிசியைத் திரட்டி ஊர்ப் பொதுநிதியில் சேர்க்கும் ‘ஜிம்பித்தான்’ என்னும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நம் பிடியரிசி முறையே போன்றது அது. இப்போது அரிசிக்குப் பதிலாக நாணயம் வைப்போர் பலர். ‘அரிசான்’ என்பது நாம் நன்கு அறிந்த குலுக்கல் சீட்டின் உடன்பிறப்பு. இவற்றில் பங்கு கொள்பவருக்கு நோயுற்ற நாளில் கதவைத் தட்ட நான்கு வீடுகள் இருக்கும். ஓய்வுக்காலத்தில் இதைவிட மதிப்புள்ள வைப்புத்தொகை எது?

அச்சிற்றூர் பணத்தைப் பேணத் தெரியாத ஊரும் அன்று. இந்தோனேசிய மக்கள் வங்கி 1895 இல் மத்திய ஜாவாவின் புர்வொகெர்த்தோவில் தோன்றியது. மானியக் கடனால் நலிந்த அதன் சிற்றூர்க் கிளைகள், 1984 இல் செலவுக்கேற்ற வட்டியோடு சிறுகடனையும் 1986 இல் எப்போது வேண்டுமாயினும் எடுக்கத்தக்க சேமிப்புக் கணக்கையும் தொடங்கிய பின் தலைநிமிர்ந்தன. 1998 நெருக்கடியில் நாட்டின் பெருநிறுவனக் கடன்கள் சரிந்தபோது, அச்சிற்றூர்க் கிளைகளின் சிறுகடன் வசூல் பெரிதும் குலையவில்லை. வங்கியாளராகிய நமக்கு அது நல்ல பாடம்.

2014 ஆம் ஆண்டின் சிற்றூர்ச் சட்டத்துக்குப் பின் நாட்டின் ஏறத்தாழ 75,000 சிற்றூர்களுக்கும் நடுவண் அரசு நேராக நிதி வழங்குகிறது. 2019 இல் அது 70 லட்சம் கோடி ரூபியா. சிற்றூர்கள் தமக்கென நிறுவனங்கள் தொடங்குகின்றன. யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே பங்குங்ஹார்ஜோ என்னும் ஊர், குப்பை மேலாண்மையைத் தொழிலாக்கித் தன் நிறுவனத்தை 2013 இல் தொடங்கியது. கிளாத்தேன் மாவட்டத்துப் போங்கோக், தன் ஊற்றுக்குளத்தையே சுற்றுலாத் தலமாக்கி வருவாய் ஈட்டுகிறது. இந்நிறுவனங்களின் உடைமை ஊருக்கே உரியது. அயலவர் அவற்றின் வாடிக்கையாளராகலாம், பொருள் வாங்கலாம், அறிந்த தொழில்நுட்பத்தைச் சொல்லித் தரலாம். அவற்றின் மதிப்பு உயர்வைச் சொந்தமாக்கிக்கொள்ள முயலவேண்டா.

ஆகவே நம் அறிவுரை இது. முதல் ஓராண்டு, வீட்டை ஆண்டு வாடகைக்கு எடுத்து வாழ்ந்து பாருங்கள். மழைக்காலத்தையும் நோன்புக்காலத்தையும் அங்கே கழியுங்கள். அப்பகுதியின் இயற்கை இடர்களை அறியுங்கள். 2006 மே 27 நிலநடுக்கத்தில் பாந்துல் வட்டாரத்தை மையமாகக் கொண்டு 5,700 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2010 இல் மெராப்பி எரிமலை சீறியபோது 350 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எரிமலையின் இடர்ப்பகுதி வரைபடங்கள் உள்ளன. அவற்றைப் பார்க்காமல் ஸ்லேமானின் வடபகுதியில் வீடு எடுக்கவேண்டா. பின்னர்க் குத்தகை வேண்டுமெனில் ஐந்து ஆண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பின் முறையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிலச் சான்றிதழை நில முகமை அலுவலகத்தில் சரிபாருங்கள். தரகர் அழைத்துவரும் பத்திர அலுவலரை விடுத்து நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். வளர்ச்சி வேண்டும் பணத்தை, உங்கள் பெயரில் தெளிவாக நிற்கும் வைப்புகளிலும் பத்திரங்களிலும் நம் நாட்டில் வையுங்கள். அதன் வட்டியில் அங்கே வாழுங்கள். அப்போது முதல் இங்கே வேரூன்றி நிற்கும். அதன் நிழல் அங்கே வரைக்கும் நீளும்.

குத்தகை முடியும் நாளில் வீட்டுச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். இழந்ததாக எண்ண அதில் ஒன்றும் இல்லை. கொடுத்த பணத்துக்கு உரிய காலத்தை அங்கே வாழ்ந்து முடித்திருப்போம், கணக்கு நேராகியிருக்கும்.